கெம்புவின் இடப்பக்கம்

மே 2

வந்து சேர்ந்தாயிற்று. கோபி டவுனுக்குப் பக்கத்தில், வாய்க்கால் ஓரமாக ஒரு குதிரைப் பண்ணை. ஒப்பந்தம் இதுதான்: தங்க ஓர் அறை, மூன்று வேளைச் சோறு, பதிலுக்குத் தினம் ஐந்து மணி நேரம் லாயத்தில் வேலை. சம்பளம் கிடையாது. “நாப்பத்தேழு வயசுல சோத்துக்குச் சாணி அள்ளப் போறியாக்கா?” என்று என் தங்கை கேட்டாள். நல்ல பதில் ஒன்று தொண்டை வரை வந்தது. சொல்ல முடியவில்லை. நான் பேசக் கூடாது.

அதுதான் விஷயம். இனி எழுதித்தான் ஆற்றிக்கொள்ள வேண்டும். திருச்சியில் ஒரு பெண்கள் பள்ளியில் நான் பி.டி. டீச்சர். இருபத்திரண்டு வருஷம் மைதானத்தின் இந்தக் கோடியில் நின்று அந்தக் கோடிக்குக் கத்தியதில் குரல்நாணில் கட்டி. ஏப்ரல் 24 அன்று எடுத்துவிட்டார்கள். இருபத்தோரு நாள் வாயைத் திறக்கக் கூடாது. கிசுகிசுக்கவும் கூடாது, அது கத்துவதைவிடக் கெடுதல் என்றார் டாக்டர். இருபத்தோராம் நாள் சாயங்காலம் மெதுவாக நாலு வார்த்தை பேசிப் பார்க்கலாம். குரல் பழையபடி வருமா என்று எழுதிக் கேட்டேன். “வந்தாத்தான் தெரியும்” என்றார். இதைச் சொல்ல ஒரு படிப்பு!

“வீட்டுல இருந்தா இவ மூணு நாள் தாங்க மாட்டா டாக்டர்” என்று சிரித்தார் என் வீட்டுக்காரர் ஆரோக்கியம். உண்மைதான். எங்கள் தெருவில் பேசாமல் பால்கூட வாங்க முடியாது. எங்கேயாவது ஓடிவிடலாம் என்று தேடியபோது அகப்பட்டதுதான் இந்த இடம். “பேச்சு கிடையாது, ஆனால் முதுகு நல்ல முதுகு” என்று எழுதிப் போட்டேன். “குதிரைங்களும் பேசாதுங்க, வாங்க” என்று பதில் வந்தது.

பதில் போட்டவர் மரகதம், பண்ணைக்குச் சொந்தக்காரர். ஐம்பது வயதிருக்கும். புடவைக்கு மேல் ஆண்பிள்ளைச் சட்டை, காலில் ரப்பர் பூட்ஸ். எட்டுக் குதிரைகள்: வைரம், முத்து, பவழம், நீலம், கோமு, புஷ்பா, வைடூரி, கெம்பு. கோமேதகம்தான் கோமு, புஷ்பராகம்தான் புஷ்பா. ஒன்பதாவது கல் எங்கே என்று நோட்டில் எழுதிக் காட்டினேன்.

“நாந்தான் முன்னால நிக்கறனே” என்றார் மரகதம்.

பிடித்துப் போயிற்று எனக்கு.

மே 3

இடது தொடையில் உள்ளங்கை அகலத்துக்குக் கன்றிப் போயிருக்கிறது. முதல் நாளே!

காலை ஐந்தரைக்கு லாயம். சாணத்தை அள்ளி வண்டியில் போட வேண்டும், ஈர வைக்கோலை மாற்ற வேண்டும், தண்ணீர் பிடிக்க வேண்டும். குதிரை பார்த்துக்கொள்ளும் சென்னியப்பன் சொல்லிக் கொடுத்தார். முப்பத்தைந்து வயது. இவர் வாய்க்கு ஒரு பூட்டுக் கிடையாது. ஒரு தொட்டி தண்ணீர் நிரம்புவதற்குள் தன் மச்சான் பைக் வாங்கிய கதை, விற்ற கதை, மறுபடி வாங்கிய கதை எல்லாம் முடித்துவிட்டார். நான் குறுக்கே பேச முடியாது அல்லவா, கொண்டாட்டம் அவருக்கு.

லாயத்தில் குதிரைக்கொரு தடுப்பு. ஐந்தைச் சுத்தம் செய்தேன். ஆறாவது கெம்பு. செம்மண் நிறத்தில் பதினோரு வயதுப் பெண் குதிரை. குதிரையிடம் இடப்பக்கமாகத்தான் போக வேண்டும், அதுதான் பழக்கம், ஏறுவதும் இடப்பக்கம்தான் என்று சொல்லியிருந்தார்கள். அப்படியே போனேன். அவ்வளவுதான், வீல் என்று கத்தி என்னைச் சுவரோடு சேர்த்து நசுக்கிவிட்டது. நான் கத்தவில்லை. பெருமையாகத்தான் இருக்கிறது.

சென்னியப்பன் ஓடி வந்தார். “ஏனுங் டீச்சர், கொரல் குடுக்காமப் போனீங்ளா? ‘ஹோ, வர்றன், வர்றன்’னு சொல்லிக்கிட்டேதான் போகோணும். குதிரைகிட்டப் போறவன் வாய் சும்மா இருக்கப்படாதுங்.”

நான் என் தொண்டையைத் தொட்டுக் காட்டினேன்.

“அட ஆமா” என்று தலையில் அடித்துக்கொண்டார்.

சாயங்காலம் ஆரோக்கியம் போன் செய்தார். எங்களுக்குள் ஏற்பாடு இது: அவர் பேசுவார், நான் நகத்தால் போனில் தட்டுவேன். ஒரு தட்டு ஆமாம், இரண்டு தட்டு இல்லை. “எதாச்சும் அடிகிடி பட்டுச்சா?” என்றார். இரண்டு தட்டு.

மே 5

மரகதம் ஒரு வழி கண்டுபிடித்துக் கொடுத்தார். கையில் காலி வாளியும் ஒரு கரண்டியும். தடுப்புக்குப் போவதற்கு முன் மூன்று தட்டு. அதுதான் என் குரல். ‘டண், டண், டண்’ என்றதும் கெம்பு ஒரு காதை மட்டும் என் பக்கம் திருப்புகிறது. குதிரைக்குக் காது இரண்டும் தனித்தனியாகத் திரும்பும் என்று எனக்கு இத்தனை நாள் தெரியாது. ஒரு காதால் சென்னியப்பனின் மச்சான் கதையையும், இன்னொரு காதால் என் வாளியையும் கேட்கிறது. என் மாணவிகளுக்கு இப்படி இருந்தால் நான் எப்போதோ பைத்தியமாகியிருப்பேன்.

குதிரையால் வாந்தி எடுக்க முடியாதாம். நின்றுகொண்டே தூங்குமாம். இரண்டையும் நம்பவில்லை. இரண்டாவதை மத்தியானம் நேரிலேயே பார்த்தேன். புஷ்பா நின்றபடி குறட்டை விடுகிறது.

மே 6

கெம்புவை விற்கப் போகிறார்கள்.

சாப்பிடும்போது மரகதம் சொன்னார். ஏப்ரலில் சவாரி பழக வந்த ஒரு பெண் குழந்தையைக் கீழே தள்ளிவிட்டதாம். குழந்தைக்கு மணிக்கட்டு பிசகி, பெற்றவர்கள் வந்து சத்தம் போட்டுவிட்டுப் போனார்களாம். “பத்து வருசம் தங்கமாட்டம் இருந்த குதிரைங்க. இப்பத்தான் கோவம் புடிச்சுப் போச்சு. உங்களையும் நசுக்கிருச்சு. குழந்தைங்க வர்ற எடத்துல இதை எப்படி வெச்சுக்கறது?” கொடைக்கானலில் சுற்றுலாக்காரர்களுக்குச் சவாரி விடுகிற ஒருவர் பதினெட்டாம் தேதி ஞாயிற்றுக்கிழமை பார்க்க வருகிறாராம்.

அங்கேயும் குழந்தைகள்தானே ஏறும் என்று எழுதினேன். மரகதம் படித்துவிட்டு இன்னொரு கரண்டி ரசம் ஊற்றினார்.

மே 8

ஒரு சந்தேகம்.

என்னைப் பிடிக்காமல் நசுக்கிய குதிரை, வாளி தட்டினால் மட்டும் ஏன் கழுத்தை என் தோளில் சாய்க்கிறது? கோபக்காரப் பிள்ளைகளை நான் ஆயிரம் பார்த்திருக்கிறேன். கோபம் வேறு, பயம் வேறு.

மே 9

இருபத்திரண்டு வருஷம் ஸ்டாப்வாட்ச் பிடித்த கை சும்மா இருக்குமா? பரீட்சை வைத்தேன். வாளி இல்லாமல், செருப்பைக் கழற்றிவிட்டு, ஒவ்வொரு குதிரையிடமும் இடப்பக்கமாக நடந்தேன், குறுக்குக் கட்டைக்கு வெளியே நின்றுதான். வைரம் பத்தடி தூரத்திலேயே பார்த்துவிட்டது. முத்து, பவழம் அப்படியே. கோமு என் சட்டைப் பையைப் பார்த்தது, வெல்லம் இருக்குமோ என்று. ஏழும் பார்த்தன.

கெம்பு பார்க்கவில்லை. கைக்கெட்டும் தூரம் வரை போனேன். காதுகூட அசையவில்லை. என் முழங்கை கட்டையில் உரசியதும் தூக்கிவாரிப் போட்டாற்போல் துள்ளியது.

பிறகு வலப்பக்கமாகப் போனேன். எட்டடியிலேயே தலையைத் திருப்பி என்னைப் பார்த்துக் கனைத்தது.

மே 11

மூன்று நாளாகப் பார்க்கிறேன். இடம்: ஒன்பது முறை, ஒன்பதும் தெரியவில்லை. வலம்: ஒன்பது முறை, ஏழு முறை தெரிந்தது. இரண்டு முறை தெரியவில்லை, அதுவும் வெளிச்சம் மங்கிய நேரத்தில்.

கெம்புவின் இடது இடுப்பெலும்பில் ரூபாய் நாணயம் அளவுக்கு மயிர் தேய்ந்திருக்கிறது. கதவு நிலையில் இடித்து இடித்து. அரிப்பு என்று சென்னியப்பன் வேப்பெண்ணெய் தடவிக்கொண்டிருக்கிறார்.

கண்ணைப் பக்கத்தில் போய்ப் பார்த்தேன். பூ விழவில்லை. பளிங்கு மாதிரி இருக்கிறது. அதனால்தான் யாருக்கும் தெரியவில்லை. அதோடு, இங்கே ஒருவரும் வாயை மூடிக்கொண்டு குதிரையிடம் போவதில்லை. குரல் கேட்டுத் திரும்புகிறது, கண்ணால் பார்த்துத் திரும்புவதாக நினைத்துவிட்டார்கள். இந்தப் பண்ணைக்கு வந்த முதல் ஊமை நான்தான்.

மே 12

எழுதிக் காட்டினேன். மரகதம் இரண்டு முறை படித்தார். “கண்ணா? டாக்டரு தை மாசந்தான் வந்து பாத்துட்டுப் போனாருங்களே” என்றார்.

“இப்பவே பாத்துரலாமுங்” என்று சென்னியப்பன் கெம்புவின் இடப்பக்கம் போய் நின்று கையை ஆட்டினார். “கெம்புக்கண்ணு, இதப் பாரு, கைய ஆட்டறன் பாரு, தெரியுதா?” கெம்பு சாவகாசமாக அவர் பக்கம் திரும்பியது. “பாத்தீங்ளா! டக்குனு திரும்புது!”

எனக்கு வந்ததே கோபம்! நோட்டில் பெரிய எழுத்தில் எழுதினேன்: வாயை மூடிக்கொண்டு செய்யுங்கள்.

மூடினார். கையைத் தூக்கினார். “இப்ப ஆட்டட்டுங்ளா?” என்றார். மறுபடி நோட்டைக் காட்டினேன். மூடினார். இந்த முறை மூக்கால் ஏதோ பாட்டு முனகினார். மரகதத்துக்குச் சிரிப்பு வந்துவிட்டது. கடைசியில் தோளில் கிடந்த துண்டைச் சுருட்டி வாயில் வைத்துக்கொண்டார்.

சத்தமே இல்லை. இடது கண்ணுக்கு நேரே கையைக் கொண்டுபோனார். ஒரு சாண். நாலு விரற்கடை. இமைக்கவே இல்லை. வாய்க்காலைப் பார்த்தபடி வைக்கோல் மென்றுகொண்டிருந்தது. மரகதத்தின் சிரிப்பு நின்றுவிட்டது. சென்னியப்பன் துண்டை எடுக்க மறந்து நின்றார். பிறகு எடுத்து அதிலேயே முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

“நானுங்க தெனம் பத்துத் தடவ பக்கத்துல போறவன்” என்றார்.

மே 13

மரகதம் கால்நடை மருத்துவருக்குப் போன் செய்து, கண்டதையெல்லாம் சொன்னார். நரம்பாக இருக்கலாம், வலது கண்ணும் சிலதுக்குப் போகும், வந்து பார்க்கிறேன் என்றாராம். அடுத்த வாரம்தான் வருவார்.

ஞாயிற்றுக்கிழமை வருகிறவரிடம் சொல்வீர்களா என்று எழுதினேன்.

மரகதம் அந்தத் தாளைக் கிழித்து வாங்கி, நாலாக மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். “கேட்டாச் சொல்லுவன் டீச்சர். கேக்காததை நாமளே எடுத்துச் சொல்றது எந்த ஊர்லயும் வழக்கமில்லீங்க. குருட்டுக் குதிரைய யாரு வாங்குவா? நானும் எத்தன நாளைக்குக் கட்டி வெச்சுச் சோறு போடறது?”

அவர் கெட்டவர் இல்லை. அது எனக்குத் தெரியும். ஆனாலும் ராத்திரிச் சாப்பாடு இறங்கவில்லை. அவர் போட்ட சோறு.

மே 15

இருபத்தோராம் நாள். வாய்க்கால் வரை தனியாக நடந்தேன். தண்ணீர் நிறையப் போகிறது. சுற்றி யாரும் இல்லை. கொஞ்ச நேரம் நின்றேன். கொக்குகள் இருந்தன. திரும்பி வந்துவிட்டேன்.

மே 16

“இருவத்தோரு நாள் முடிஞ்சிருக்குமே, இன்னும் பேசலையா?” என்று ஆரோக்கியம் கேட்டார். இரண்டு தட்டு. “டாக்டர் இன்னும் பொறுக்கச் சொன்னாரா?” ஒரு தட்டு.

டாக்டரோடு நான் பேசவே இல்லை. இதை எதற்கு எழுதுகிறேன் என்று தெரியவில்லை.

நீலத்துக்கு லாடம் அடித்தார்கள். லாடக்காரர் ஆணியை வாயில் வைத்துக்கொண்டே பேசுகிறார். எப்படி விழுங்காமல் இருக்கிறார் என்று பார்த்துக்கொண்டே இருந்தேன்.

மே 17

ஒரு துண்டுத் தாளில் எழுதி வைத்திருக்கிறேன்: ‘இடது கண் தெரியாது. வலதும் மங்குகிறது.’ நாளை வருகிறவர் கையில் கொடுத்துவிடலாம். கொடுக்கலாமா? சோறு போடுகிறவர் வீட்டு விஷயத்தில் மூக்கை நுழைக்கலாமா? ஆனால் மலைச் சாலையில், இடது கண் தெரியாத குதிரை மேல் ஒரு குழந்தை. பள்ளம் எந்தப் பக்கம் இருக்குமோ.

தாள் பையில் இருக்கிறது.

மே 18, ஞாயிறு

நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன்.

பத்து மணிக்கு அவர் வந்தார். பெயர் தாமஸ் ராஜ், அறுபதை ஒட்டிய வயது, குறைவாகப் பேசுகிற மனிதர். கெம்புவை வெளியே நிழலில், வேலிக் கட்டையை ஒட்டிக் கட்டியிருந்தார்கள். சென்னியப்பன் அதன் இடது தோளை விட்டு நகரவே இல்லை. மச்சான் கதையை ஆரம்பித்தார், நிறுத்தவில்லை. வழக்கமாகப் பேசுகிற பேச்சு அல்ல அது, கண் தெரியாதது வெளியே தெரியாமல் இருக்கப் பேசியது. என் முகத்தை அவர் பார்க்கவே இல்லை. நானும் பையில் தாளைக் கசக்கிக்கொண்டு நின்றேன், நீட்டவில்லை. நானும் உடந்தைதான். அதையும் எழுத வேண்டும்.

தாமஸ் ராஜ் பல்லைப் பார்த்தார், காலைத் தூக்கிப் பார்த்தார். பிடித்துவிட்டது. “கடிவாளத்தப் போட்டு ஒரு சுத்து விடுங்க” என்றார். சென்னியப்பன் கடிவாளம் எடுக்க லாயத்துக்கு ஓடினார். மரகதம் மோர் கொண்டுவர உள்ளே போனார்.

குதிரை வாங்குகிறவர்கள் சுழி பார்ப்பார்கள். மயிர்ச் சுழி எந்த இடத்தில் இருக்கிறது, ஆகுமா ஆகாதா என்று. அதைப் பேசிக்கொண்டே பார்க்க மாட்டார்கள், மூச்சுக்கூட மெதுவாகத்தான் விடுவார்கள். தாமஸ் ராஜ் குனிந்து, சத்தமில்லாமல், கெம்புவின் இடப்பக்கமாகப் பின்தொடையை நோக்கி நடந்தார். கையை நீட்டினார்.

என் வாளி குழாயடியில் இருந்தது.

“நில்லுங்க!”

நான்தான். என் வாயிலிருந்துதான் வந்தது. மைதானம் முழுக்கக் கேட்ட குரல் அல்ல. தகர டப்பாவில் கூழாங்கல்லை உருட்டினாற்போல் ஒரு சத்தம். ஆனாலும் அவருக்குக் கேட்டது. பதறி இரண்டடி பின்னால் துள்ளினார், துள்ளும்போது விரல் நுனி அதன் மேல் பட்டுவிட்டது. அடுத்த நொடியில் கெம்பு உதைத்த உதையில், அவர் முழங்கால் இருந்த இடத்துக்குப் பின்னாலிருந்த வேலிக் கட்டை இரண்டாகப் பிளந்தது.

எல்லாரும் ஓடி வந்தார்கள். மரகதம் மோர்ச் சொம்போடு. தாமஸ் ராஜ் வெளிறிப் போய், “என்னம்மா இது? உதைக்கிற குதிரையத்தான் என் தலையில கட்டப் பாத்தீங்களா?” என்றார்.

மரகதம் என்னைப் பார்த்தார். நான் பேசியதை அவர் கேட்டிருக்கிறார். அடுத்து நான் சொல்லிவிடுவேன் என்று நினைத்தாரோ என்னவோ. நானும் வாயைத் திறந்தேன். அதற்குள் அவர் கெம்புவின் வலப்பக்கம் போய்க் கழுத்தில் கையை வைத்தார்.

“உதைக்கற குதிரை இல்லீங்க இது. பத்து வருசத்துல ஒருத்தர உதைச்சதில்ல. கண்ணுத் தெரியாத குதிரை. இடது கண்ணு போயிருச்சு, வலதும் போகுது. உங்ககிட்டச் சொல்லாம விட்டது என் தப்பு. அதும் மேல பழி போடாதீங்க.”

அவர் குரல் உடைந்துவிட்டது. என் குரலைவிட மோசமாக இருந்தது.

தாமஸ் ராஜ் மோரைக் குடித்துவிட்டுப் போய்விட்டார். சென்னியப்பன் பிளந்த கட்டையைத் தூக்கிக்கொண்டு போனார், வாயே திறக்காமல். இன்றைக்குத்தான் அவர் சும்மா இருந்ததைப் பார்த்தேன்.

சாயங்காலம் மரகதம் என் அறை வாசலில் வந்து நின்றார்.

“எப்பருந்து பேச வருது உங்களுக்கு?”

“பதினஞ்சாந் தேதியே பேசலாம்னுதான் சொன்னாங்க” என்றேன். ஒவ்வொரு சொல்லும் அரத்தில் உரசிக்கொண்டு வந்தது.

“அப்பறம் ஏனுங் பேசல?”

“எப்படி வருமோன்னு பயந்துக்கிட்டு இருந்தேன்.”

“சரி, பூண்டுப் பால் வெக்கறன், குடிங்க” என்று சொல்லிவிட்டுப் போனார்.

மே 19

வாளி இல்லாமல் கெம்புவிடம் போனேன். “வர்றேன், வர்றேன்” என்றேன். காதை மடக்கிக்கொண்டு பின்வாங்கியது. யாரோ புது ஆள் என்று நினைத்திருக்கும். அழுகை வந்துவிட்டது. அழுதேன், யார் பார்த்தால் என்ன.

பிறகு போய் வாளியை எடுத்து வந்து, மூன்று தட்டு, ஒரு “வர்றேன்.” மூன்று தட்டு, ஒரு “வர்றேன்.” காலையில் பத்து முறை, மாலையில் பத்து முறை. டிரில்தான், எனக்குத் தெரியாததா.

மே 20

கெம்புவைக் கடைசித் தடுப்புக்கு மாற்றிவிட்டார் மரகதம். அங்கே இடப்பக்கம் முழுக்கச் சுவர். யாரும் அந்தப் பக்கமாகப் போக முடியாது. இனி எல்லாரும் வலப்பக்கமாகத்தான் வர வேண்டும். விற்பதைப் பற்றி ஒன்றும் பேசவில்லை. நானும் கேட்கவில்லை. சென்னியப்பன் கதவு நிலையில் பழைய சாக்கை மடித்து மெத்தைபோல் ஆணியடித்தார். அடித்துக்கொண்டே மச்சான் பைக்கை மறுபடி விற்றுவிட்ட கதையைச் சொன்னார். முதல் முறையாகக் குறுக்கே கேள்வி கேட்டேன். ரொம்பச் சந்தோஷம் அவருக்கு.

மருத்துவர் வந்தார். நரம்புதான். வலது கண் ஒரு வருஷம் தாங்கலாம் என்றார்.

மே 22

இன்று வாளியைக் குழாயடியிலேயே விட்டுவிட்டுப் போனேன். “வர்றேன்.” ஒரு காது திரும்பியது. அப்புறம் தலை. அப்புறம் ஒரு கனைப்பு.

சாயங்காலம் போன் மணி அடித்தது. ஆரோக்கியம் பேச ஆரம்பிப்பதற்குள் நான் பேசினேன்.

“சாப்ட்டீங்களா?”

“யாருங்க பேசறது? மேரி இல்லையா?” என்றார்.

இருபது வருஷம் குடித்தனம் பண்ணிய மனுஷன்! கோபம் வந்தது. கோபத்துக்குப் பின்னால் வேறொன்றும் வந்தது. நகத்தால் போனில் ஒரு தட்டு தட்டினேன்.

மூச்சு விடுவது கேட்டது.

“மேரியா?”

இன்னொரு தட்டு.

“திரும்பக் கேளு” என்றார்.

“சாப்ட்டீங்களா?” என்றேன்.